படிக்காமல் விட்ட நாலு வரி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
14-3-1965

அன்புள்ள கோதண்டபாணிக்கு அப்பாதுரை எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த முறை எல்லோரும் என்று நான் எழுதினால் அதில் உன் சம்சாரமும் மகளும் சேர்த்தி. முதல் வரியிலேயே உன் வயிற்றில் பால் வார்த்துவிட்டேன். இனி நிதானமாகப் படி.

கப்பல் வியாழக்கிழமை மெட்ராஸ் வந்து சேர்ந்தது. நானும் ஜெயம்மாளும் முந்தின நாளே போய்த் துறைமுக வாசலில் உட்கார்ந்துவிட்டோம். வெளியே வந்த கூட்டத்தில் பெரியநாயகியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். "அண்ணா, தலை வழுக்கையா பூட்டாலும் மூக்கு அப்டியே கீது" என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பன்னிரண்டு வருஷம் ரங்கூனில் இருந்தும் அவளுடைய வாலாஜாபாத் பேச்சு போகவில்லை. உன் மகள் ரேணுகாவுக்கு ஒன்பது வயது என்று சொன்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவு மெலிவு. ஜெயம்மாள் அவளை அங்கேயே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை உனக்குத் தெரியும். இனி அந்தப் பெண்ணை இறக்கி விடுவாளா என்பதே சந்தேகம்.

தங்கச்சி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. தோடு, மூக்குத்தி, தாலிக் குண்டு எல்லாவற்றையும் ரங்கூன் துறைமுகச் சோதனையில் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். துணிதானே என்று கல்யாணப் புடவையை விட்டுவிட்டார்களாம். உன் அப்பா தம் கையால் நெய்த அந்த அரக்குப் புடவை. பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினாள்.

நான் பேப்பர் படிப்பதைப் பற்றிப் போன வருஷம் எழுதினேன். தறி விட்டவன் தொண்டையால் நெய்கிறானா என்று நீ கேலி செய்தாய். செய்து கொள். தோள்பட்டை போனபிறகு எனக்கு இந்தத் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறதென்றால் அது இதனால்தான். காலையில் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும் நேரம் உனக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் இருபது முப்பது பேர் நின்று இழை பிரித்து, அறுந்ததை முடிச்சுப் போட்டு, கஞ்சி தெளித்துக்கொண்டு இருப்பார்கள். கையும் கண்ணும் பாவில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுகள் எல்லாம் என்னுடையவை. முதல் பஸ்ஸில் வரும் பேப்பரை வாங்கிக்கொண்டு மேல்கோடியில் ஆரம்பித்து, பாவை ஒட்டி நடந்துகொண்டே கீழ்கோடி வரை படிப்பேன். சும்மா படிக்க மாட்டேன். மந்திரி பேச்சை மந்திரி மாதிரியே படிப்பேன், கொலைக் கேஸைக் குரலைத் தாழ்த்திப் படிப்பேன்.

வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் உங்கள் கப்பல் வந்த செய்திதான். இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் நிற்கும் படம். 'தாயகம் திரும்பினர் நம் மக்கள்' என்று கொட்டை எழுத்து. நான் படித்த படிப்பில் பாவு பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் அழுதார்கள். முனிசாமி உனக்குத் தெரிந்தவன்தான், இப்போது எங்களுக்கு அடுத்த வீடு. எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தக் கப்பல்ல வந்துகீறது நம்ம கோதண்டம் பொண்டாட்டிபா. இந்தத் தெருவே அதுக்குப் பொறந்த வூடு" என்றான். பத்து மணிக்குள் அரிசி, பாய், தலையணை, ரேணுகாவுக்கு இரண்டு பாவாடை வந்துவிட்டன. ரேணுகா முகத்தில் பூசிக்கொள்கிற அந்தப் பர்மா மரப்பட்டைச் சந்தனத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் முழுவதும் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மஞ்சள் கன்னம்.

ஆகவே நீ கவலைப்படாதே. கடைச் சரக்கையெல்லாம் பர்மா சர்க்காரிடம் ஒப்படைத்து, அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் உனக்குப் பயணச் சீட்டு என்று எழுதியிருந்தாய். எத்தனை மாதம் ஆனாலும் சரி, இங்கே உன் குடும்பம் என் கண்ணுக்குள் இருக்கும். இது என் வாக்கு.

காமாட்சி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

உன்
அப்பாதுரை


காஞ்சிபுரம்,
18-5-1965

அன்புள்ள கோதண்டபாணிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் தாமதம்தான். வெயில் கடுமை, எனக்குத் தோள்வலி, ஜெயம்மாளுக்கும் உடம்பு சரியில்லை.

பெரியநாயகியிடமிருந்து ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருக்கிறாய். அவளும் ரேணுகாவும் மூன்று நாளாக மெட்ராஸ் பக்கத்தில் இருக்கிற பர்மா முகாமில் இருக்கிறார்கள். தொழில் கடன், வீட்டு மனை எதுவானாலும் முகாமில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் முதலில் என்று சொல்கிறார்கள். அதற்காகப் போயிருக்கிறாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவாள்.

ஊரில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்கிறாய். உனக்கு எப்படி இந்தச் சந்தேகம் வந்தது? வேறு யாராவது எழுதினார்களா? மறைக்க ஒன்றுமில்லை. மார்ச் மாதத்து மனசு மே மாதத்தில் இல்லை, அவ்வளவுதான். ரேஷன் கடையில் அரிசிக்கு விடியலிலேயே வரிசை. பேப்பரைத் திறந்தால் அகதிகளுக்கு இவ்வளவு அரிசி, அகதிகளுக்கு அவ்வளவு கடன், முகாமில் காலரா என்று தினம் ஒரு செய்தி. மார்ச்சில் நம் மக்கள் என்று போட்டவர்கள் ஏப்ரலில் அகதிகள் என்றார்கள். இப்போது பர்மாக்காரர்கள் என்கிறார்கள். தெருவும் அப்படியே சொல்கிறது. வாலாஜாபாத்தில் பிறந்தவளைக் குழாயடியில் "பர்மாக்காரி, கொடத்த அப்பால வை" என்கிறார்கள். நூல் சுற்றும் வேலை கேட்டுப் போனாள், யாரும் தரவில்லை. எங்கள் பெண்களுக்கே வேலை இல்லை என்றார்களாம்.

போன வாரம் ஒரு சிறு தகராறு நடந்தது. தங்கக் கடத்தலைப் பற்றிப் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. நான் நடந்துகொண்டே படிப்பவன் என்பது உனக்குத் தெரியும். மேல்கோடியில் நிற்பவன் காதில் தலைப்பு விழும், முடிவு விழாது. அரைகுறையாகக் கேட்டவர்கள் ஏதோ நினைத்துக்கொண்டு ஏதோ செய்துவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எல்லாம் அடங்கிவிட்டது. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ரேணுகா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பாதுரை


காஞ்சிபுரம்,
20-6-1965

கோதண்டம்,

இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முன்னால் எழுதிய இரண்டையும் கிழித்துவிட்டேன். சௌக்கியம் என்று எழுத என் கை வரவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. கையெழுத்துகள் எல்லாம் ஆகிவிட்டன, ஜூலை கடைசியில் கப்பல், பெரியநாயகியிடம் சொல், ரேணுகாவைத் துறைமுகத்துக்கு அழைத்து வா என்று எழுதியிருக்கிறாய். ஜெயம்மாள் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இப்பவாவது உள்ளத எழுது" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அங்கே கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது தெரியும். பார்க்கட்டும். யார் படித்தாலும் சரி, இனி நான் மறைத்து எழுதப் போவதில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது பாதி பொய். அவள் பெயர் பதிய முகாமுக்குப் போகவில்லை. இந்தத் தெருவில் இருக்க முடியாமல் போனாள்.

மே பன்னிரண்டாம் தேதி காலை நடந்தது இது. 'பர்மா அகதிகள் தங்கக் கடத்தல்: சேலைக் கரையில் மறைத்துக் கொண்டுவரும் தந்திரம்' என்று தலைப்பு. பக்கத்தில் கட்டம் கட்டிப் போலீஸ் அதிகாரி ஒருவரின் படம். செய்தி இருபது வரி இருக்கும். அதன் கடைசி நாலு வரி இதுதான், எனக்கு இப்போது மனப்பாடம்: அந்தக் கப்பலில் வந்த நானூறு பேரைச் சோதித்ததில் ஒருவரிடம் மட்டுமே ஒரு சிறு துண்டு கிடைத்தது, மற்றவர்கள் வெறும் கையோடு வந்தவர்கள், அவர்களைப் பற்றி வீண் வதந்தி பரப்ப வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள்.

மேல்கோடியில் நின்றவர்களுக்கு முடிவு கேட்கவில்லை என்று உனக்கு எழுதினேன். கீழ்கோடியில் நின்றவர்களுக்கும் கேட்கவில்லை, கோதண்டம். நான் அதைப் படிக்கவே இல்லை.

கண்ணில் படாமல் போகவில்லை. பார்த்தேன். தலைப்பைப் படித்ததும் இரண்டு பக்கமும் பேச்சு அடங்கிவிட்டது. சேலைக் கரை என்ற இடத்தில் இழை பிரிக்கிற கைகள் நின்றுவிட்டன. பாவில் ஒரு நாளும் கை நிற்காது, அன்று நின்றது. அந்த அமைதி எனக்குக் கள் குடித்தது போல் இருந்தது. அதற்குமேல் அந்த நாலு வரியைப் படித்தால் சப்பென்று போய்விடும் என்று தோன்றியது. "தந்திரம்!" என்று குரலை உயர்த்தி நிறுத்திவிட்டுப் பேப்பரை மடித்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பெரியநாயகியின் நினைவே வரவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

அன்று மத்தியானம் அவள் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். பழைய பட்டுப் புடவை வாங்கி, ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பவன் கடைக்கு. எங்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று அவளுக்கு நினைப்பு. சொந்தமாக ஒரு ராட்டினம் வாங்கினால் வெளித்தெருவிலாவது நூல் வாங்கிச் சுற்றலாம் என்று ஜெயம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். உன் அப்பா நெய்த புடவையை விற்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தடுப்பேன் என்று நினைத்திருப்பாள்.

கடைக்காரன் புடவையைத் தராசில் போட்டுவிட்டு, "இன்னாம்மா, இம்மாங்கனம் கனக்குது" என்று கேட்டானாம். அவன் ஆச்சரியத்தில் கேட்டதுதான். அப்போது அங்கே ஜரிகை வாங்க வந்திருந்த நம் தெருக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் முனிசாமி ஒருவன். காலையில் என் வாயால் கேட்டது அவர்கள் காதில் சூடாக இருந்தது. புடவையைப் பிடுங்கிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின ஜரிகை கனமாகத்தான் இருக்கும். அந்த நாளில் வெள்ளி கூடுதலாகப் போட்டார்கள். இது நம் தெருவில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். ஜரிகை என்பது வெள்ளி, மேலே பூச்சு மட்டும்தான் தங்கம் என்பதும் தெரியும். தினமும் அதைக் கையில் பிடித்து அன்னம், மயில் என்று நெய்கிறவர்கள்தான் அன்று முப்பது பேர் கூடி, உள்ளே தங்கக் கம்பி இருக்கிறது என்று சத்தியம் செய்தார்கள். தங்கள் கை சொன்னதை அவர்கள் நம்பவில்லை. பேப்பர் சொன்னதை நம்பினார்கள். பேப்பர் சொன்னதைக்கூட இல்லை, நான் சொன்னதை.

கத்தரித்துப் பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னான். எரித்தால்தான் தெரியும் என்று இன்னொருவன் சொன்னான். நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது மண்சட்டியில் கரையையும் முந்தானையையும் போட்டு நெருப்பு வைத்திருந்தார்கள். பட்டு எரிகிற நாற்றம் தெரு முழுக்க இருந்தது. பெரியநாயகி கத்தவில்லை. "அண்ணா, நீ படிச்சவன். நீயாச்சும் சொல்லுண்ணா" என்றாள். ரேணுகா அவள் பின்னால் நின்று, அவள் கட்டியிருந்த சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் என் கக்கத்தில் இருந்தது. பிரித்து அந்த நாலு வரியைப் படித்திருக்கலாம். படித்தால் எல்லோரும் என்னைப் பார்த்து, காலையில் ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தேன். வேறொன்றும் இல்லை. என் மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். தெரு முழுவதற்கும் கேட்கிற தொண்டை, கோதண்டம், அன்று ஒரு பெண்ணுக்காகத் திறக்கவில்லை.

சட்டியில் கடைசியில் கொஞ்சம் வெள்ளியும் சாம்பலும்தான் இருந்தன. எல்லோரும் ஒவ்வொருவராகத் தறிக்குப் போய்விட்டார்கள். முனிசாமி மட்டும் வெள்ளியை எடுத்து எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை, இன்றும் ஜெயம்மாள் அதை ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

அதற்கடுத்த மூன்று நாளும் நான் வழக்கம்போலப் பேப்பர் படித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் நாள் காலை நான் படித்துவிட்டுத் திரும்பியபோது அவளும் பெண்ணும் இல்லை. முகாமுக்குப் போகிறேன் என்று சொல்லி ஜெயம்மாளிடம் விடைபெற்றிருக்கிறாள். ஜெயம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ படிச்சதத்தான்யா ஊரு பேசிச்சு. நீ வாயத் தொறந்திருந்தா அதுவும் கேட்டிருக்கும்."

முகாம் என்று சொல்லிவிட்டு வாலாஜாபாத்துக்குப் போயிருப்பாளோ என்று முதலில் அங்கே போனேன். அவளை வளர்த்த தாய்மாமா இறந்தபிறகு அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பிறகு முகாமுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஜெயம்மாள் கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொண்டாள், என்னை உட்காரச் சொன்னாள், குறை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிடு என்று கூப்பிட்டேன். பார்க்கலாம் அண்ணா என்றாள். ரேணுகா என் பக்கம் வரவில்லை. பத்து நாள் முன்பு மறுபடியும் போனேன். அவர்கள் இருந்த தடுப்பில் வேறு குடும்பம் இருந்தது.

பக்கத்துத் தடுப்பில் இருந்த சாமுவேல் என்ற தச்சர்தான் விவரம் சொன்னார். அவரும் ரங்கூனிலிருந்து வந்தவர். ஜூன் நாலாம் தேதி முகாமிலிருந்து நாற்பது பேர் சேர்ந்து கல்கத்தா ரயில் ஏறியிருக்கிறார்கள். அங்கிருந்து அஸ்ஸாம் போய், மணிப்பூர் எல்லையில் மோரே என்கிற ஊரை அடைந்து, காட்டு வழியாக நடந்தே பர்மாவுக்குள் திரும்பிவிடுவதாகத் திட்டமாம். அவர்களில் பெரியநாயகியும் ரேணுகாவும் இருக்கிறார்கள். எல்லையில் பர்மாச் சிப்பாய்கள் விடமாட்டார்கள், பெண் குழந்தையை வைத்துக்கொண்டு ஏன் போகிறாய் என்று சாமுவேல் தடுத்திருக்கிறார். "அங்க எம் புருசன் கீறாரு. இங்க யார் கீறாங்க?" என்று கேட்டாளாம்.

இதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

உனக்குக் கப்பல் கிடைக்கப்போவது அவளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். புறப்படுமுன் அவள் உனக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டதாகச் சாமுவேல் சொன்னார், அது உனக்குக் கிடைத்ததோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

நாற்பது பேர் திரும்பிப் போனதைப் பற்றி எந்தப் பேப்பரும் ஒரு வரி போடவில்லை. எல்லாவற்றையும் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன், வரவில்லை. போன திங்கட்கிழமை அந்தப் பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு பாவுக்குப் போனேன். மேல்கோடியில் நின்று, நான் படிக்காமல் விட்ட நாலு வரியைப் படித்தேன். பத்து அடி நடந்து மறுபடி படித்தேன். கீழ்கோடி வரைக்கும் அப்படியே படித்துக்கொண்டு போனேன். யாரும் தலை நிமிரவில்லை. கடைசியில் முனிசாமி பாவைப் பார்த்துக்கொண்டே, "அது பழைய பேப்பர்பா. இன்னிக்கி இன்னா போட்டுக்கீறான், அத்தப் படி" என்றான். அவன் கெட்டவன் இல்லை. மார்ச்சில் முதலில் அரிசி கொண்டுவந்தவன் அவன்தான். அதன்பிறகு நான் படிக்கப் போவதில்லை. வேறு ஆள் படிக்கிறான், என்னைவிட நன்றாகவே படிக்கிறான்.

இனி உன்னைக் கேட்க வேண்டியது ஒன்றுதான். கப்பல் ஏறாதே, கோதண்டம். கையெழுத்துகள் வாங்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்தச் சீட்டை விட்டால் அடுத்தது எப்போதோ என்பதும் தெரியும். ஆனால் நீ மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்குகிற நாளில் அவள் காடும் மலையும் தாண்டி உன் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு தந்தி கொடு. நான் நாளை மறுநாள் கல்கத்தா ரயில் ஏறுகிறேன். அந்த மோரே வரை போய்த் தேடுவேன். தந்தி வந்தால் ஜெயம்மாள் மோரே தபாலாபீஸ் விலாசத்துக்கு எனக்குத் தெரிவிப்பாள். அங்கே அவர்களைக் கண்டுபிடித்தால் காலில் விழுந்தாவது நிறுத்தி வைத்து உனக்குத் தந்தி அடிப்பேன். அப்போது நீ கப்பலைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ரங்கூனை விட்டு நகராதே. வீட்டைக் காலி செய்திருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி வை, வாசலில் ஒரு சீட்டு ஒட்டி வை.

இருபது வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஊருக்கு வந்துவிடு என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். இன்று வராதே என்று எழுதுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அதைக் கேட்க வேண்டிய இடத்தைத் தேடித்தான் போகிறேன்.

காமாட்சி உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கட்டும். அந்தக் கூரை எந்த ஊரில் இருந்தாலும் சரி. அவள் உன்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறாள், நீ அங்கேயே இரு.

அப்பாதுரை